சத்தியம், சாவி, முத்திரை: மூன்று ஜெர்மன் நகரங்களில் கைவினைச் சங்கங்களின் தடம்

நாள் 1: உல்ம்

உல்ம் வருகிறவர்கள் பெரும்பாலும் ரயில் நிலையத்திலிருந்து நேரே மின்ஸ்டர் என்னும் பெருங்கோயிலுக்கு, அதாவது ஊரின் பெரிய தேவாலயத்துக்குப் போய், 768 படி ஏறி இறங்கி, ஊர் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். கைவினைச் சங்கங்களுக்காக வருகிறவர்கள் முதலில் போக வேண்டியது வைன்ஹோஃப் சதுக்கம். அங்கே 1612-13இல் கட்டிய ஷ்வோர்ஹவுஸ், அதாவது சத்தியம் செய்யும் வீடு, நிற்கிறது. நகர ஆவணக் காப்பகமும் வரலாற்றுக் கண்காட்சியும் இப்போது அதற்குள்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையின் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமை மேயர் இதன் மாடத்தில் வந்து நின்று, கடந்த ஆண்டு நிர்வாகத்துக்குக் கணக்குச் சொல்லிவிட்டுச் சத்தியம் செய்கிறார். பெருங்கோயிலின் மணி அப்போது ஒலிக்கும். வாசகம் 1397ஆம் ஆண்டின் பெரிய சத்தியப் பத்திரத்திலிருந்து எடுத்தது: பொதுவான, நேர்மையான எல்லாக் காரியங்களிலும் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி பொது மனிதனாக இருப்பேன், விலக்கு ஏதுமில்லை.

அந்தப் பத்திரம் சடங்குக்காக எழுதப்பட்டதல்ல. உல்ம் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரம். சொந்தச் சட்டம், வரி, மதில், படை எல்லாம் உண்டு. அவற்றை யார் கையாள்வது என்பதில் நிலமும் பெருவணிகமும் வைத்திருந்த மேட்டுக்குடிக் குடும்பங்களுக்கும் கைவினைஞர்களுக்கும் 14ஆம் நூற்றாண்டு முழுக்க இழுபறி. 1345இல் சிறிய சத்தியப் பத்திரம் ஒரு சமரசம் செய்தது. 1397இல் தராசு கைவினைஞர் பக்கம் சாய்ந்தது. சிறிய மன்றத்தில் 17 சங்கத் தலைவர்களுக்கும் இடம். பெரிய மன்றத்தின் 40 இடங்களில் 30 சங்கங்களுக்கு. மேயர் பதவி மட்டும் மேட்டுக்குடியிடமே நின்றது. அதனால்தான் அந்தச் சத்தியம் மேயரிடம் வாங்கப்பட்டது. மேயர் ஊருக்குச் சத்தியம் செய்ய, ஊர் மேயருக்குத் திருப்பிச் செய்யும். குடியுரிமை என்பது ஆண்டுக்கு ஒருமுறை வாய்விட்டுப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம்.

மதிலுக்குள் வாழ்ந்த எல்லோரும் இந்தச் சதுக்கத்தில் கை தூக்க முடியாது. குடிமகனாக வழிகள் மூன்று: குடிமகனுக்குப் பிறப்பது, குடிமகனின் மகளையோ விதவையையோ மணப்பது, கட்டணம் செலுத்திப் பெறுவது. வெளியிலிருந்து வருகிறவர் யாருக்கும் அடிமை இல்லை என்றும் முறையான திருமணத்தில் பிறந்தவர் என்றும் காட்ட வேண்டும். சொந்த ஊரிலிருந்து பிறப்புப் பத்திரம் எழுதி வாங்கிவந்தால் அது நடக்கும். ஊரில் தங்கி வரி கட்டுவார் என்று ஏற்கெனவே குடிமகனாக உள்ளவர்கள் ஜாமீன் நிற்கவேண்டியும் வரும். அதன்பின் வரி, இரவுக் காவல் முறை, சொந்தச் செலவில் ஆயுதம், தீப்பிடித்தால் ஓடிவரும் கடமை. இத்தனையும் ஏற்ற பிறகு, மேட்டுக்குடி அல்லாதவர் ஒரு சங்கத்தில் சேர்ந்தால்தான் மன்றத்தில் அவர் பக்கம் பேச ஆள் இருக்கும். சங்கத்தில் மாஸ்டராக, அதாவது சொந்தப் பட்டறை நடத்தும் தேர்ந்த கைவினைஞராக, குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு உயிர் வரச் சங்கம் வேண்டும். இந்தப் பூட்டுக்குள் நுழைய முடியாமல் வேலைக்காரர்கள், கூலிகள், சொந்தப் பட்டறை இல்லாத உதவித் தொழிலாளிகள் என்று பெருங்கூட்டம் மதிலுக்குள்ளேயே வெளியே நின்றது. பெண்கள் குடியுரிமை பெறலாம். வாக்கும் பதவியும் இல்லை. கணவன் இறந்தால் பட்டறையைத் தொடர்ந்து நடத்தப் பல தொழில்களில் அனுமதி உண்டு, பெரும்பாலும் ஒரு கால வரம்போடு.

நாள் 2: உல்ம், ஆற்றங்கரை

பிளாவ் ஆறு டான்யூபில் கலக்கும் முன் கிளை பிரிகிற இடத்தில் மீனவர் குடியிருப்பும் தோல் பதனிடுவோர் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. அழகான மரச்சட்ட வீடுகள் என்று படம் எடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். கூரைக்குக் கீழே காற்று புகும் திறந்த மாடங்களைப் பாருங்கள்; தோல் காயப்போட்ட இடம் அது. மாட்டுத்தோலை ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரைத் தளர்த்தி, வளைந்த கத்தியால் சுரண்டி, ஓக் மரப்பட்டைத் தூளோடு குழியில் அடுக்கி மாதக்கணக்கில், கெட்டித் தோலானால் ஓராண்டுக்கு மேலும் விட்டுவைப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் தோலின் நடுப்பகுதி பச்சையாகவே நின்று, பிறகு அழுகும் அல்லது வெடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும். வாங்குகிறவர் வெட்டிப் பார்க்க முடியாத பண்டத்துக்குத்தான் பரிசோதகர் தேவைப்படுகிறார்.

இதே காரணம் உல்ம் நகரின் பெருஞ்செல்வத்துக்கும் பொருந்தும். அந்தச் செல்வம் பார்ஹென்ட் துணியிலிருந்து வந்தது: பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், லினன்; ஊடை, குறுக்கே ஓடும் நூல், பருத்தி. அன்றைய ஐரோப்பிய கைராட்டைப் பருத்தி நூல் பாவின் இழுப்பைத் தாங்காமல் அறுந்துபோகும், லினன் தாங்கும். ஊடையில் பருத்தி ஓடினால் துணி மெத்தென்று இருக்கும், சாயமும் பிடிக்கும். லினனுக்கான ஆளிச்செடி உல்ம் இருக்கும் ஸ்வாபியா வட்டாரத்திலேயே விளைந்தது. பருத்தி கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வெனிஸ் வந்து, ஆல்ப்ஸ் கடந்து இங்கே சேர்ந்தது.

நெய்த துணி பரிசோதனை மேசைக்குப் போகும். சத்தியம் செய்த பரிசோதகர்கள் நீளம், அகலம், பாவு இழைகளின் அடர்த்தி, நெசவு ஒரே சீராக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரத்துக்கு எருது முத்திரை. அடுத்து சிங்கம், திராட்சைக்குலை, கடிதம். எழுத்து வாசிக்கத் தெரியாத வியாபாரியும் தூரதேசத்தில் இந்தப் படத்தைப் பார்த்து விலை பேசலாம். தவறு நடப்பது பெரும்பாலும் பாவில்தான். நூலை மிச்சப்படுத்த இழைகளைக் குறைத்துவிட்டு ஊடையை அடித்து இறுக்கினால் தறியில் இருக்கும்போது துணி அடர்த்தியாகத் தெரியும். வெளுத்த பிறகு தளர்ந்துவிடும். வெளுக்கும் முன்னும் பின்னும் துணியைப் பார்ப்பதன் நியாயம் அதுதான். பரிசோதனை நேர்மையாக நடந்தவரை உல்ம் முத்திரைக்கு மதிப்பு இருந்தது. சுற்றுக் கிராமங்களில் மலிவாக நெய்தவர்களின் துணிக்கும் முத்திரை குத்தலாமா என்று கேள்வி வந்தபோது, குத்தலாம் என்றனர் வணிகர்கள், கூடாது என்றனர் நகர நெசவாளர்கள். தரம் பற்றிய சண்டை போலத் தெரிந்தாலும், யார் ஊர்க்காரர் என்பதுதான் அடியில் இருந்த கேள்வி.

டான்யூப் கரையில் 36 மீட்டர் உயரக் கசாப்புக்காரர் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. கலப்பட சாசேஜ் விற்ற பருத்த கசாப்புக்காரர்களை உள்ளே அடைத்ததாகவும், மேயர் வந்ததும் பயந்து எல்லோரும் ஒரே மூலையில் ஒதுங்க கோபுரம் சாய்ந்ததாகவும் ஊர்க்கதை. சதுப்பு நிலத்தில் போட்ட அஸ்திவாரம்தான் காரணம்.

மாலையில் பெருங்கோயில். 1377இல் அடிக்கல் நாட்டிய இந்தக் கோயிலுக்குப் பணம் போட்டது குடிமக்கள். ஆயர் பீடம் இங்கே இருந்ததில்லை. 1530 நவம்பரில் பழைய கத்தோலிக்கச் சமயத்தில் நிற்பதா, சீர்திருத்த (புரொட்டஸ்டன்ட்) சமயத்துக்கு மாறுவதா என்று குடிமக்களிடம் வாக்குக் கேட்டார்கள். வாக்கு சங்கவாரியாக எடுக்கப்பட்டது. 100க்கு 87 பேர் அளவில் மாறலாம் என்றனர். ஒரு நகரம் தன் சமயத்தையே சங்கப் பட்டியலை வைத்துத் தீர்மானித்த இடம் இது. சங்கங்களின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்தப் பயணத்தில் இல்லை.

நாள் 3: ஆக்ஸ்பர்க்

உல்மிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆக்ஸ்பர்க். இங்கே நகரச் சட்டப் புத்தகம் 1276இல் தொகுக்கப்பட்டது. புதுக் குடிமக்களைப் பதியும் பேரேடு 1288இல் தொடங்குகிறது. எல்லாம் நகர மையத்தில் உள்ள பேர்லாக் மேட்டைச் சுற்றித்தான். 1368 அக்டோபரில் கைவினைஞர்கள் ஆயுதத்தோடு அங்கே கூடினார்கள். ரத்தம் சிந்தவில்லை. அவர்கள் கேட்டவற்றைப் பார்த்தால் நகர நிர்வாகத்தை எவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று தெரியும்: அபாய மணியின் சாவி, ஆவண அறையின் சாவி, சட்டப் புத்தகம், நகர முத்திரை. மணி இருந்தால் ஊரைக் கூட்டலாம். முத்திரை இருந்தால் கடன் வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம். வேறென்ன ஆட்சி?

அதன்பின் வந்த அமைப்பில் சிறிய மன்றத்தில் 29 பேர் சங்கங்களிலிருந்து, 15 பேர் மேட்டுக்குடியிலிருந்து. இரண்டு மேயர்கள், பக்கத்துக்கு ஒருவர். சங்கங்கள் முதலில் 18, பிறகு 17. அதை 17 தொழில்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் ஓர் அரசியல் அலகு. ஒன்றுக்குள்ளேயே பல தொழில்கள் அடங்கும். சங்கங்களுக்குள்ளும் சமத்துவம் இல்லை. பெருவணிகரும் பணம் பெருத்த நெசவாளரும் ஒரு தட்டு, ஏழைக் கைவினைஞர் இன்னொரு தட்டு. சிறிய சங்கங்களுக்கு மன்றத்தில் கூடுதல் இடம் கொடுத்தார் தச்சர் சங்கத்திலிருந்து மேயரான உல்ரிக் ஷ்வார்ட்ஸ். எதிரிகள் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து 1478 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அவர் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் எத்தனை உண்மை என்பது வேறு விஷயம். அவர் போனதும் சிறிய சங்கங்களின் கூடுதல் இடமும் போனது என்பதை வைத்தே யாருக்கு லாபம் என்று கணக்குப் போடலாம்.

நெசவாளர் சங்க வீட்டைத் தவறவிடக் கூடாது. 1389இல் சங்கம் வாங்கிய இடம். இன்று நிற்பது 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டிய கட்டடம். உண்மையான சங்க அறை மியூனிக்கில் இருக்கிறது: 1457இல் பீட்டர் கால்டன்ஹோஃபர் வண்ணம் தீட்டிய மரச் சுவர்களும் கூரையும் அப்படியே பவேரியத் தேசிய அருங்காட்சியகத்தில் பொருத்தப்பட்டுள்ளன. மியூனிக் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் அதற்கு நேரம் ஒதுக்கலாம். ஆக்ஸ்பர்க் நெசவாளர்களின் துணியில் தொங்கிய ஈய முத்திரைகள் இங்கிலாந்து மண்ணில்கூடக் கிடைக்கின்றன.

1367ஆம் ஆண்டு வரிப் புத்தகத்தில் ஃபுக்கர் என்று ஒருவர் வந்து சேர்ந்ததாக ஒரு சிறு பதிவு உண்டு. கிராபன் கிராமத்து நெசவாளர் ஹான்ஸ் ஃபுக்கர். ஒரு குடிமகனின் மகளை மணந்து குடியுரிமை பெற்றார். அந்த மனைவி இறந்தபின் நெசவாளர் சங்கத் தலைவரின் மகளை மணந்தார். 1386இல் சங்கத்தின் பன்னிருவர் குழுவில் இடம் பிடித்தார். முதல் நாள் சொன்ன திருமண வழி காகிதத்தில் மட்டும் இருந்ததல்ல. ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பம் அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது.

நாள் 4: ஆக்ஸ்பர்க், தண்ணீரும் பேரரசரும்

பேர்லாக் மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் லெக் ஆற்றின் வாய்க்கால்கள் தெருவுக்குத் தெரு ஓடும். 2019இல் இந்த நீர் அமைப்பு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மாவு ஆலை, தோல் பட்டறை, சாயப்பட்டறை, உலோக வேலை எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பியவை. கட்டடக் கலைஞர் எலியாஸ் ஹோல் கட்டி 1609இல் முடித்த இறைச்சிக் கூடத்தின் அடியில் ஒரு வாய்க்காலையே ஓடவிட்டார்கள். மேலே கடைகள், கீழே ஓடும் குளிர்ந்த நீர். இறைச்சி சூடேறாது, கழிவும் தண்ணீரோடு போகும். கசாப்புக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் விற்றால் பரிசோதிப்பதும் கட்டணம் வசூலிப்பதும் எளிது.

அந்தக் கூடத்தைக் கட்டச் சொன்னது நகர மன்றம். அதற்கு 60 ஆண்டுகள் முன்பே சங்கங்களிடமிருந்து ஆட்சி பறிபோய்விட்டது. 1546-47 போரில் சீர்திருத்தச் சமய நகரங்களைத் தோற்கடித்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், அந்த நகரங்கள் தமக்கு எதிராகப் போனதற்குச் சங்க ஆட்சிதான் காரணம் என்று முடிவுகட்டினார். 1548 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆக்ஸ்பர்க்கில் சங்க அரசியல் அமைப்பை ரத்து செய்தார். சங்கங்களின் வீடுகள், பணப்பெட்டிகள், பத்திரங்கள் கைமாறின. மன்றத்தில் மேட்டுக்குடி பெரும்பான்மை ஆனது. அதே மாதம் உல்முக்கும் அதே கதி. தெற்கு ஜெர்மனியின் பல நகரங்களில் இதை நிறைவேற்றப் போனவர் ஹைன்ரிக் ஹாஸ் என்ற ஆணையர்.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழில் அமைப்புகள் அழியவில்லை. பயிற்சி, மாஸ்டர் தேர்வு, துணிப் பரிசோதனை எல்லாம் தொடர்ந்தன, மன்றத்தின் மேற்பார்வையில். போனது வாக்கு மட்டும். ஆக்ஸ்பர்க் பொற்கொல்லர்கள் உலகப் புகழ் அடைந்தது இதற்குப் பிறகுதான். அவர்களின் வெள்ளிப் பாத்திரங்களில் நகரத்தின் பைன் காய் முத்திரையும் மாஸ்டரின் சொந்த முத்திரையும் அருகருகே இருக்கும். சங்க ஆட்சி இல்லாவிட்டால் தரம் கெடும் என்ற வாதத்துக்கு இந்த ஊர் சாட்சி சொல்லாது. தன் வரியை யார் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்கும் உரிமையை நெசவாளர் இழந்தார் என்பதற்குத்தான் சாட்சி சொல்லும். அந்த இழப்பு சிறியது என்று நமக்குத் தோன்றவில்லை.

ஃபுக்கராய் குடியிருப்பை மதியத்துக்கு மேல் பாருங்கள், கூட்டம் குறையும். 1521இல் அதே வங்கிக் குடும்பத்து யாக்கோப் ஃபுக்கர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். வறுமைப்பட்ட, ஆனால் பிச்சை எடுக்காத கைவினைஞர்களும் கூலித் தொழிலாளிகளும் தங்கலாம். ஆக்ஸ்பர்க் ஊர்க்காரராகவும் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். ஆண்டு வாடகை அன்றைய நாணயத்தில் ஒரு ரைன் கில்டர். நிபந்தனைகள் இன்றும் அவையே. வாடகை இன்று ஆண்டுக்கு 0.88 யூரோ, அதோடு நாளுக்கு மூன்று பிரார்த்தனை. இரவு 10 மணிக்கு வாசல் சாத்தப்படும். தாமதமாக வருகிறவர் காவலருக்குச் சிறு தொகை கொடுக்க வேண்டும். அறக்கட்டளையிலும் முதல் கேள்வி நீ எந்த ஊர்க்காரன் என்பதுதான்.

நாள் 5: நியூரம்பர்க்

ஆக்ஸ்பர்க்கிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த ஊரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: கைவினையில் ஐரோப்பாவின் முன்னணி நகரங்களில் ஒன்று, ஆனால் சங்கங்களே கிடையாது. 1348இல் இங்கேயும் கைவினைஞர்கள் கிளர்ந்து மன்றத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மன் அரசர் நான்காம் சார்லஸின் ஆதரவோடு பழைய மன்றம் திரும்பி வந்து சங்கங்களைத் தடை செய்தது.

பெருஞ்சந்தைச் சதுக்கத்தில் நிற்கும்போது இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இது யூதர்களின் குடியிருப்பு இருந்த இடம். 1349 டிசம்பரில் 562 பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகளை இடித்த இடம் சந்தையானது, தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மாதா கோயில் எழுந்தது. இடிக்க அனுமதி அரசர் சார்லஸே முன்கூட்டிக் கொடுத்தது. நகரக் குடியுரிமையின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் எல்லைக்கோடு யார் மேல் வரையப்பட்டது என்பதையும் இந்தச் சதுக்கத்தில் நின்றே பேச வேண்டும்.

மன்றத்தின் 42 பேரில் 34 பேர் மேட்டுக்குடி. 1370 முதல் எட்டு கைவினைஞர்களுக்கு இடம்: கசாப்பு, ரொட்டி, தோல், உலோகம், தையல், மென்மயிர்த் தோல், துணி, மதுவடிப்பு. தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தொழில்களை நடத்த மன்றம் தனி அலுவலகமே வைத்தது. விதிகளை எழுதியது மன்றம். சத்தியம் செய்த மாஸ்டர்கள் தொழிலுக்கு இத்தனை பேர் என்று நியமிக்கப்பட்டுப் பட்டறைகளைச் சோதித்தார்கள். மன்றத்துக்குத் தெரியாமல் கைவினைஞர்கள் கூட்டம் போடக் கூடாது, சொந்த முத்திரை வைத்துக்கொள்ளக் கூடாது.

சில தொழில்கள் பூட்டிய தொழில்கள். தைக்கும்போது விரல்நுனியில் மாட்டும் உலோக விரலுறை செய்வோர் அதில் அடக்கம். தொழில் ரகசியம் வெளியே போகாமலிருக்க அவற்றில் வெளியூர் ஆட்களைச் சேர்ப்பதில்லை, உள்ளூர்த் தொழிலாளிகள் வெளியூர் போகவும் முடியாது. மற்றவற்றில் ஊர் சுற்றுவது பயிற்சியின் பகுதி. செருப்புத் தைத்தவரும் கவிஞருமான ஹான்ஸ் சாக்ஸ் பயிற்சி முடித்து 1511 முதல் 1516 வரை ஊர் ஊராக வேலை செய்துவிட்டுத்தான் திரும்பி வந்து மாஸ்டரானார். பொற்கொல்லர் மாஸ்டராக மூன்று பொருள் செய்து காட்ட வேண்டும்: அக்விலீஜியா மலர் வடிவில் ஒரு கோப்பை, கல் பதித்த தங்க மோதிரம், செதுக்கிய முத்திரை. கோப்பைதான் கடினம். ஒரே தகட்டைச் சுத்தியலால் உள்ளும் வெளியும் அடித்துப் புடைப்புகளை எழுப்ப வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், நடுவே தீயில் காட்டி இளக்காவிட்டால் மடிப்பில் கீறல் விழும்.

கலப்படத்துக்கு இரக்கமில்லை. 1444இல் யோப்ஸ்ட் ஃபின்டெக்கர் என்பவரை அவர் கலப்படம் செய்த குங்குமப்பூவோடு சேர்த்து எரித்தார்கள். எடைக்கு எடை வெள்ளியோடு போட்டி போடும் பண்டம்; வேறு பூவிதழ் கலப்பது எளிது, நகரத்தின் பெயர் கெட்டால் மீட்பது கடினம். அந்தத் தண்டனையை அதனால் நியாயப்படுத்திவிட முடியாது.

நாள் 6: நியூரம்பர்க், முகங்கள்

செபால்ட் கோயிலுக்குள் பீட்டர் ஃபிஷரும் மகன்களும் 1508க்கும் 1519க்கும் இடையில் பித்தளையில் வார்த்த புனிதர் கல்லறை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் கீழே தோல் ஏப்ரன் கட்டி, கையில் கருவியோடு நிற்கிறவர் ஃபிஷரேதான். மன்றத்தில் இடமில்லாத வார்ப்புத் தொழிலாளி ஊரின் மிகப் புனிதமான இடத்தில் வேலை உடையோடு நிற்கிறார்.

இதைவிட அரிய சான்று ஒரு புத்தகம். 1388இல் கொன்ராட் மெண்டல் என்ற வணிகர், உழைக்க முடியாமல் போன 12 முதிய கைவினைஞர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அங்கும் நியூரம்பர்க் குடிமகனாக இருக்க வேண்டும். 1425 வாக்கில் தொடங்கி, அங்கே தங்கிய ஒவ்வொருவரையும் அவரவர் தொழிலைச் செய்யும் கோலத்தில் வரைந்து வைத்தார்கள். கம்பி இழுப்பவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, காலால் உந்திப் பின்னே போகும் வேகத்தில் குறட்டால் கம்பியை இழுக்கிறார். கைபலம் மட்டும் போதாது என்பது படத்திலேயே விளங்குகிறது. மது வடிப்பவர் கொப்பரையைக் கிளற, மேலே ஆறுமுனை நட்சத்திரம் தொங்குகிறது. மூலம் நகர நூலகத்தில் உள்ளது. எல்லாப் பக்கங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பயணத்துக்கு முன்பே பார்த்துவிட்டு வருவது நல்லது. தெருவில் காணும் வீடுகளின் உள்பக்கம் புரியும்.

வைஸ்கெர்பர்காஸ தெருவில் வெள்ளைத் தோல் பதனிட்டவர்களின் வீடுகள். ஆட்டுத்தோலைப் படிகாரமும் உப்பும் கொண்டு பதனிடும் முறை. உல்மில் பார்த்த மரப்பட்டை முறையை விட மிக வேகமானது. ஆனால் தண்ணீரில் நனைந்தால் படிகாரம் கரைந்து தோல் விறைத்துவிடும். கையுறைக்கு ஆகும், செருப்புக்கு ஆகாது. இரண்டும் தனித் தொழிலாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் கொலைத்தண்டனையாளர் வீட்டையும் பாருங்கள். 1578 முதல் சுமார் 40 ஆண்டுகள் அங்கே பணியாற்றிய ஃப்ரான்ட்ஸ் ஷ்மிட், நகரத்தின் சம்பளத்தில் நகரத்தின் தீர்ப்பை நிறைவேற்றியவர். அந்தப் பணிக்காகவே மதிப்பற்றவர் என்று ஒதுக்கப்பட்டதால், அவர் பிள்ளைகளைக் கைவினைத் தொழில்கள் சேர்க்காது. 1624இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு விண்ணப்பித்துத்தான் குடும்பத்தின் மதிப்பை மீட்டார்.

ஆக்ஸ்பர்க்கும் நியூரம்பர்க்கும் இருக்கும் பவேரியாவில் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற சட்டம் 1868இல் வந்தது. மாஸ்டர் பட்டம் முழுதாகப் போய்விடவில்லை. ரொட்டி, கசாப்பு, புகைபோக்கி சுத்தம் போன்ற தொழில்களில் சொந்தப் பட்டறை வைக்க இன்றும் அது வேண்டும். தளர்த்தப்பட்டிருந்த 12 தொழில்களில் 2020இல் அதை மீண்டும் கட்டாயமாக்கினார்கள். தரை ஓடு பதிப்பது, பீப்பாய் செய்வது, கோயில் ஆர்கன் கட்டுவது அவற்றில் சில. தேர்வு நான்கு பகுதி: செய்முறை, தொழிற்கோட்பாடு, கணக்கும் சட்டமும், பயிற்சி தரும் முறை. பழைய ரொட்டிக் கடைகளின் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் மாட்டியிருக்கும். அந்தத் தேர்வை எழுத ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை.